ஐந்து கை மாறிய கார்

அக்குறணையில் ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார் என்று தெரிந்துவிட்டால் ஊர் அவரைச் சும்மா விடாது. கப்பலேற ஒரு மாதம் இருக்கும்போதே அவர் பெயருக்குப் பின்னால் 'ஹாஜியார்' வந்து ஒட்டிக்கொள்ளும். இரும்புச் சாமான் கடை மஹ்மூதுக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஆணி வாங்க வந்தவன்கூட "ஹாஜியார், அரை றாத்தல் தாங்க" என்று கேட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருடம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வருகிற திங்கட்கிழமை காலையில் கண்டியில் ரயில், அதன் பிறகு கொழும்பில் கப்பல்.

போவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. உறவுக்காரர், அண்டை வீட்டார், கொடுக்கல் வாங்கல் உள்ளவர், பேச்சுவார்த்தை இல்லாதவர் எல்லோரிடமும் போய்ப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும். மனிதன் மனிதனுக்குச் செய்த பிழையை அந்த மனிதனே மன்னித்தால்தான் உண்டு. அதை வைத்துக்கொண்டு மக்கா வரை போய் நின்றாலும் பயனில்லை. ஆகவே மஹ்மூத் மூன்று வாரமாக வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"ஹஜ்ஜுக்குப் போற. தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் பிழை செஞ்சீந்தா பொருந்திக்கோங்க."

"பொருந்தின, பொருந்தின. எங்களுக்கும் துஆ கேளுங்க."

அவ்வளவுதான். கட்டிப் பிடித்துக்கொள்வார்கள், அழுவார்கள், தேத்தண்ணி வரும். இந்த வழக்கத்தில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. 'தெரிஞ்சோ தெரியாமலோ' என்று சொல்லிவிட்டால் போதும், என்ன பிழை என்று சொல்லத் தேவையில்லை. எதிரே இருப்பவரும் கேட்க மாட்டார். கேட்டால் அவர்தான் மரியாதை தெரியாதவர். இப்படி இருநூறு பேருக்கு மேல் மஹ்மூதை மன்னித்துவிட்டார்கள். எதற்காக மன்னித்தோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

எல்லோரும் அழுதார்கள், மஹ்மூத் மட்டும் அழவில்லை. தங்கச்சி அவர் தோளில் சாய்ந்து தேம்பியபோது அவருடைய கண் சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் சம்மணம் போட்டு எழுந்தவனின் கால் மாதிரி உள்ளே என்னவோ மரத்துக் கிடந்தது. கிள்ளினாலும் தெரியவில்லை. வயது ஐம்பத்தெட்டு, பயணக் களைப்பு முன்கூட்டியே வந்துவிட்டதாக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், அதை நடத்திய லெப்பை எழுந்து நின்று, மஹ்மூத் ஹாஜியாரை எல்லோரும் பொருந்திக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார். பள்ளிவாசல் முழுக்க "பொருந்தினோம்" என்று முழங்கிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் லெப்பைக்கு நிறுத்தத் தெரியாது.

"இஞ்ச ஈக்கிறவங்க பொருந்தின சரி," என்றார். "இஞ்ச இல்லாத ஆளுக்குப் பிழை செஞ்சீந்தா அவர்ட வாசலுக்கே போகோணும். நூறு பேர் பொருந்தினாலும் அந்த ஒரு ஆள்ட பொருத்தத்துக்கு ஈடாகாது."

மஹ்மூதுக்கு உடனே கார் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை, அது எப்போதும் அங்கேதான் இருந்தது. அவர்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார்.

கறுப்புக் கார், துணிக் கூரை. இருபத்துநாலாம் வருடத்தில் இங்கிலாந்திலிருந்து இறங்கியது. ஒரு தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போக, இருபத்தேழில் மஹ்மூத் அதை வாங்கினார். அக்குறணையில் அப்போது சொந்தக் கார் வைத்திருந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். கல்யாண வீடுகளுக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக அந்தக் காரைத்தான் கேட்பார்கள். முப்பதாம் வருடம் ஒரு மழை நாளில் கட்டுகஸ்தோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு மதகில் கொண்டுபோய் மோதினார். ஆளுக்குச் சேதமில்லை. முன் சில்லுகளைத் திருப்பும் கம்பி மட்டும் பாதி வெடித்திருந்தது. புதுக் கம்பி சீமையிலிருந்து வர மூன்று மாதமாகும் என்றார்கள். இரும்பில் பிழைப்பு நடத்துகிறவருக்கு இது ஒரு பெரிய காரியமா? தெரிந்த பட்டறையில் ஒட்டுப் போட வைத்தார். பட்டறைக் கொல்லன், பாஸ் என்பார்கள், ஒட்டுப் போட்டு, அராவி, கம்பியை அவரிடம் காட்டிச் சொன்னான்: "கடைக்குப் போய் வரப் போதும் முதலாளி. மலை ரோட்டுக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம்."

மஹ்மூத் அந்த ஒட்டின்மேல் கறுப்புப் பெயின்ற் அடித்தார். அடுத்த மாதமே விற்றுவிட்டார். வாங்கியவர் வரதராசா, கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் பெரிய கிளாக்கர். "ஏதும் குறை இருக்கோ?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "தங்கமான கார். வாங்கின நாள்ல இருந்து ஒரு கோளாறும் இல்ல" என்று பதில் சொன்னதும் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவி உம்மு குல்சுமிடம் சொன்னார். உம்மு குல்சும் பயணப் பெட்டியில், ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராம் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கார்ட விசயமா? ஆறேழு வருசத்துக்குப் பிறகு அத யாரு கேக்கப் போற?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அதான் போகோணும்."

"போங்க. ரயிலுக்கு முந்தி வந்து சேருங்க" என்றார் அவர், மடிப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கண்டி கட்டுக்கலையில் வரதராசாவின் வீட்டில் மஹ்மூத் போய் உட்கார்ந்தார். வரதராசா பென்சன் எடுத்திருந்தார், ஆனால் கந்தோர் அவரை விட்டுப் போகவில்லை. வீட்டு விறாந்தையிலேயே ஒரு மேசை, ஒரு மைக்கூடு, அலுமாரி நிறைய நாடா கட்டிய கோப்புகள்.

"வாங்கோ முதலாளி, இருங்கோ. என்ன விஷயம்?"

மஹ்மூத் வழக்கமான பாட்டைச் சொன்னார். வரதராசாவுக்கு அது விளங்கவில்லை. ஆகவே காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியதாயிற்று. கம்பி என்ற சொல் வந்ததும் வரதராசா கையை உயர்த்தினார்.

"அந்த ஒட்டோ? ஓம், தெரியும். ரெண்டாம் மாதமே மெக்கானிக் காட்டிப்போட்டான். நான் ஏன் மலைப் பக்கம் போறன்? வீட்டிலை இருந்து கந்தோர், கந்தோரிலை இருந்து கோயில். ஒரு வருஷம் ஓடிச்சுது."

"பொறகு?"

"பிறகென்ன, வித்துப்போட்டன். பன்வில தோட்டத்து இராமையா கணக்கப்பிள்ளைக்கு."

"ஒட்டப் பத்தி அவர்ட்டச் செல்லல்லயா?"

"அவர் கேக்கேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

இதை அவர் கந்தோர் விதியொன்றை எடுத்துச் சொல்லும் நிதானத்தோடு சொன்னார். மஹ்மூத் கதிரையின் நுனிக்கு வந்தார். ஒரு நப்பாசை. துரையின் காலத்திலேயே அந்தக் கம்பியில் பழுது இருந்திருந்தால்?

"அதையும் பாப்பம்" என்று வரதராசா எழுந்து, அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து நாடாவை அவிழ்த்தார். காரோடு வந்த துண்டுக் கடுதாசிகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்திருந்தார். விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். "முதல் சொந்தக்காரர் துரை. ரெண்டாவது நீங்கள். மூண்டாவது நான். நாலாவது இராமையா. அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது. இஞ்சை பாருங்கோ, துரை உங்களுக்கு விற்கேக்கை எடுத்த பரிசோதனைத் துண்டு. முன் சில்லுப் பகுதி நல்ல நிலை எண்டு கையெழுத்தோடை கிடக்கு."

அந்தத் துண்டு பத்து வருடமாக இருந்திருக்கிறது. மஹ்மூதின் கையிலும் மூன்று வருடம் இருந்து, காரோடு கை மாறியிருக்கிறது. அவர் ஒரு நாளும் அதைப் படித்ததில்லை. ஆகப் பழுது அவருடையதுதான், அதற்குப் பின்னே தள்ளிவிட ஆள் கிடையாது.

"இப்ப நான் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டார் வரதராசா.

"பொருந்தின எண்டு ஒரு வார்த்த செல்லுங்க. போதும்."

"வாயாலை சொன்னால் ஆர் நம்புவினம்? இருங்கோ, எழுதித் தாறன்."

மறுத்தும் கேட்கவில்லை. பேனாவை மையில் தொட்டு அழகான கையெழுத்தில் எழுதினார். இன்னார் தமக்கு விற்ற இன்ன நம்பர் மோட்டார் காரின் குறைபாடு சம்பந்தமாகத் தமக்கு அன்னார் மீது இன்றுவரை எவ்வித ஆட்சேபமும் இல்லை என்றும், அன்னார் தமது யாத்திரையை மேற்கொள்ளத் தம்மளவில் தடையேதும் கிடையாது என்றும் இத்தால் உறுதி கூறினார். கீழே ஒப்பம், தேதி, வகித்த பதவி. பிறகு அதே போல இன்னொன்று எழுதித் தம் கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினார்.

"அங்கை ஆரும் கேட்டால் காட்டுங்கோ" என்றார் அக்கறையாக.

மஹ்மூத் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறொரு நாளாயிருந்தால் வீடு வரை சிரித்திருப்பார். இப்போது சிரிப்பும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பினார். கட்டுகஸ்தோட்டையில் ஒரு பஸ், வத்தேகமையில் இன்னொன்று. பன்வில ரோடு ஏற ஏற வளைவுகளாக வந்தன. ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் கீழே எங்கோ ஓடைச் சத்தம். ஒவ்வொரு வளைவிலும் பஸ்காரன் ஸ்டியரிங்கை உடம்போடு சேர்த்துத் திருப்பினான். மஹ்மூத் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு போனார். பட்டறை பாஸ் மலை ரோடு என்று சொன்னது இதைத்தான்.

இராமையா கணக்கப்பிள்ளை தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த தன் வீட்டு வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார். கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் ஆள், தோட்டத்துச் சனங்கள் அவருக்குப் பயப்படுவார்கள். பாதிக் கன்னத்துச் சோப்போடேயே மஹ்மூதை வரவேற்று, வந்த காரணத்தையும் கேட்டுக்கொண்டார்.

"வாங்க மொதலாளி, உக்காருங்க. அந்தக் கறுப்புக் காரா? அத நான் முப்பத்து மூணுலேயே வீரய்யாவுக்குக் குடுத்துட்டேனே. லொறிக்காரனோட சுத்தி ஓட்டப் பழகின பய. வத்தேகமைக்கு ஹயர் ஓட்டிப் பொழைக்கிறேன்னு வந்து நின்னான்."

"வீரய்யா இப்ப எங்க ஈக்கிற?"

"செத்துட்டான். முப்பத்து நாலு ஆடி மாசம். அஞ்சாங்கட்ட வளைவுல காரோட ஓடைக்குள்ள போயிட்டான். தண்ணியப் போட்டுட்டு ஓட்டிருக்கான். தூக்கும்போது ஒரே சாராய வாட. பொலீசும் அப்படித்தான் எழுதிக்கிட்டுப் போச்சு."

குடித்துவிட்டு ஓட்டினான். மஹ்மூத் அந்த வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு மனிதன் செத்த செய்தியைக் கேட்டு மனம் லேசானது. இதற்காக வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது, வெட்கம் வரவில்லை. இராமையாவின் மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைக் குடித்தார். அது ஆறுவதற்குள் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"காரத் தூக்கினப்போ முன் சில்லுக் கம்பி எப்பிடி ஈந்திச்சு?"

இராமையா சவரக் கத்தியைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஒட்டுப் போட்டது நான்தான்."

இராமையா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நடந்ததைச் சொன்னார். கம்பி ஒட்டிலேயே இரண்டாகப் போயிருந்தது. முதல் ஆளாக ஓடைக்குள் இறங்கியவர் அவர்தான். ஒட்டு இருப்பது அவருக்கும் முன்பே தெரியும், தெரிந்துதான் விற்றார். "பாத்து ஓட்டுடா" என்று மட்டும் சொன்னாராம். சாராயம் வீரய்யாவுடையது இல்லை. அன்றைக்கு வத்தேகமையிலிருந்து தனக்கு இரண்டு போத்தல் வாங்கிவரச் சொல்லி அனுப்பியதே இராமையாதான். விழுந்த வேகத்தில் போத்தல்கள் நொறுங்கி, சாராயம் அவன் மேலெல்லாம் கொட்டியிருந்தது. உடைந்த போத்தல் கழுத்துகள் இரண்டிலும் மூடி திறக்காமல் அப்படியே இருந்தன. இராமையா அவற்றைப் பொறுக்கித் தண்ணீரில் எறிந்தார். பிறகு மேலே ஏறிவந்து, பய குடித்திருக்கிறான் என்று எல்லோருக்கும் சொன்னார்.

"அவனுக்குப் பொஞ்சாதி இருக்கா. சுப்பம்மா. ஒரு பொம்பளப் புள்ளையும் இருக்கு" என்றார் இராமையா. குரல் இறங்கியிருந்தது. "அங்க போகப் போறீங்களா?"

"போகாட்டி நான் வந்ததுக்கு அர்த்தமில்ல."

"போங்க. ஆனா கம்பி, போத்தல், அதெல்லாம் வேணாம். நீங்க நாளைக்கு மக்காவுக்குப் போயிருவீங்க மொதலாளி, நான் இங்கதான இருக்கணும்? ஒங்க ஆளுங்க கேப்பாங்கல்ல, தெரிஞ்சோ தெரியாமலோன்னு, அந்த மாதிரி பொதுவா ஒரு வார்த்த கேட்டுட்டு நாலு மணி பஸ்ஸப் புடிங்க. அவ சரின்னுருவா. அவளும் நிம்மதியா இருக்கட்டும், நீங்களும் நிம்மதியா போங்க."

மஹ்மூத் தலையாட்டினார். பேச்சில் குறையொன்றும் தெரியவில்லை. இருநூறு பேரிடம் கேட்டது போல இன்னொருத்தியிடம் கேட்கப் போகிறார், அவ்வளவுதானே. அவருக்குப் பொருத்தம் வேண்டும், அவளுக்கு விபரம் எதற்கு?

சுப்பம்மாவின் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, மேட்டின் கடைசியில் இருந்தது. அதன் கடைசி அறையான காம்பராவின் வாசலில் குந்தியிருந்து, கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கின் கிழிசலைச் சாக்கு ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். முகத்தில் ஒரு வரவேற்பும் இல்லை, சலிப்பும் இல்லை. தொப்பி போட்ட ஆளைப் பார்த்ததும், "சேலையெல்லாம் வேணாங்க. சம்பளத்துக்கு இன்னும் நாளு இருக்கு" என்றாள்.

"நான் யாவாரத்துக்கு வரல்ல தங்கச்சி. அக்குறணையில இருந்து வாற. நாளைக்கு மக்காவுக்குப் போறதுக்கு ஈக்கிற. தெரிஞ்சோ தெரியாமலோ ஒங்களுக்கு ஏதாச்சும் பிழை செஞ்சீந்தா பொருந்திக்கோங்க."

அவள் ஊசியை நிறுத்தவில்லை. அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன தப்பு செஞ்சீங்க?"

மூன்று வாரத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவருடைய ஊரில் பிறந்து வளர்ந்த எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவளுக்கு அந்த வழக்கம் தெரியாது, மரியாதைக்காக மன்னிக்கவும் தெரியாது. ஆள் வந்து தப்பு என்கிறானே, என்ன தப்பு என்று கேட்டாள். இதைவிட நியாயமான கேள்வி வேறெது இருக்க முடியும்?

"ஒரு கார்..." என்று தொடங்கினார் மஹ்மூத்.

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. மதகில் மோதியதைச் சொன்னார். ஒட்டைச் சொன்னார், பட்டறை பாஸ் மலை ரோட்டைப் பற்றிச் சொன்னதைச் சொன்னார், அதன்மேல் தன் கையாலேயே பெயின்ற் அடித்ததைச் சொன்னார். வேறு யாரோ பக்கத்தில் நின்று பேசுவது போலத் தன் குரல் அவருக்குக் கேட்டது. நடுங்கவில்லை, உடையவில்லை. கடையில் சாமான் பட்டியல் வாசிக்கும் குரல் அது. கம்பி ஒட்டிலேயே முறிந்திருந்தது என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

சுப்பம்மாவின் ஊசி நின்றுபோயிருந்தது.

"அப்ப அவரு குடிக்கலையா?"

"இல்ல."

"சாராய வாட அடிச்சுச்சே. நானே மோந்தேனே."

"அது வேறொரு ஆளுக்கு வாங்கின போத்தல். ஒடஞ்சு மேல கொட்டீக்கி. மூடி தொறக்கவே இல்லயாம்."

"யாருக்கு வாங்கினது?"

மஹ்மூத் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தார். அவள் கண் தொழிற்சாலைப் பக்கம் போய்த் திரும்பியது. இராமையா இங்கேதான் இருந்தாக வேண்டும். இனி அது எப்படியிருக்கும் என்பது அவருடைய பாடு.

பக்கத்துக் காம்பராவில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. பிறகு அவள் பேசினாள், அவளுடைய குரலிலும் ஏற்றமோ இறக்கமோ இல்லை.

"முன்னெல்லாம் குடிப்பாரு. கார் வாங்கின அன்னைக்கு, இனிமே தொட மாட்டேன்னு புள்ள தலையில கைய வச்சு சத்தியம் பண்ணுனாரு. தூக்கிட்டு வந்து இந்த எடத்துலதான் கெடத்துனாங்க. வாடையப் பாத்ததும், புள்ள தலையில பொய்ச் சத்தியம் பண்ணிட்டான் பாவின்னு எனக்கு ஆங்காரம் வந்துருச்சு. எல்லாரும் வாய்க்கரிசி போட்டாங்க. என்னையக் கூப்புட்டாங்க, கையப் புடிச்சு இழுத்தாங்க. நான் போடல. குடிகாரனுக்குப் போட எங்கிட்ட அரிசி இல்லன்னு சொன்னேன். கருமாதிக்கும் ஒக்காரல. அவரப் பத்திப் பேச்சு எடுத்தாலே புள்ளைய அடிப்பேன்."

மஹ்மூத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் ஓர் ஆளைச் சாகடித்த கணக்கைத்தான் கொண்டுவந்திருந்தார். செத்தவனை இரண்டரை வருடம் பொய்யனாகவும் வைத்திருந்தது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. இதற்கு அவர் என்ன வார்த்தை சொல்லிப் பொருத்தம் கேட்பது?

"சரிங்க மொதலாளி," என்றாள் சுப்பம்மா. "நான் மன்னிச்சிட்டேன். நீங்க போயிட்டு வாங்க."

அவர் தேடிவந்தது கிடைத்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவும் சொல்லிக் கிடைத்தது. அது எங்கேயும் போய்ச் சேர்ந்ததாக அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பையில் கிடந்த வரதராசாவின் கடுதாசிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்றுகூடத் தெரியவில்லை.

சுப்பம்மா படங்கைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போனாள். தகர டின் திறக்கும் சத்தம் கேட்டது. வலது கையை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். விரலிடுக்கிலிருந்து இரண்டு மூன்று அரிசி உதிர்ந்தது.

"வாய்க்கரிசி இப்பப் போட்டா சேருமா மொதலாளி?"

"எனக்குத் தெரியா தங்கச்சி."

"நீங்க கேக்குறதுக்கு நான் உசுரோட இருக்கேன்" என்றாள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் படியிறங்கி நடந்தாள்.

கீழே பஸ் ஹோர்ன் அடித்தது, அவரும் இறங்கினார். நாலு மணி பஸ்ஸை விட்டால் காலை ரயில் இல்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் தோட்டத்து எல்லையைச் சுற்றிக்கொண்டு திரும்பியபோது மேலே சரிவில் புதைகாடு தெரிந்தது. கல் நட்ட குழிகள் நாலைந்துதான். மற்றதெல்லாம் மானாப் புல் மூடிய வெறும் மேடுகள்.

சுப்பம்மா அங்கே நின்றுகொண்டிருந்தாள். மூடிய கையை நெஞ்சோடு வைத்திருந்தாள். ஒரு மேட்டின் அருகே குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தாள். நிமிர்ந்து அடுத்த மேட்டுக்குப் போனாள், அங்கேயும் விலக்கிப் பார்த்தாள். மறுபடி முதல் மேட்டுக்கே வந்தாள். அவனைப் புதைத்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. எது அவன் குழி என்று அவளுக்குத் தெரியவில்லை.

மஹ்மூத் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவு மறைக்கும் வரை பார்த்தார். கடைசியாகப் பார்த்தபோதும் அவள் கை மூடியே இருந்தது.